ஏ.சி. தண்ணீர்

பதினோரு வண்டி எனக்கு.
போரூரில், தரைக்குக் கீழே,
ஒன்றுவிட்டு ஒன்று ட்யூப்லைட் எரியும் பார்க்கிங்.
நாலரைக்கு ஆரம்பித்தால் ஏழுக்குள் முடியும்.

பங்குனி பிறந்ததும் நோட்டீஸ் ஒட்டினார்கள்:
லாரித் தண்ணீர் விலை ஏறிவிட்டது,
இனி யாரும் வண்டி கழுவக் கூடாது,
காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.
கீழே செக்ரட்டரி பத்மநாபன் கையெழுத்து.
அவர் வண்டி வெள்ளை.
வெள்ளைக்கு என்ன தெரியும்.

பி-209 கறுப்பு.
நிரஞ்சன் சாருடையது.
இன்னும் நாற்பத்தோரு தவணை பாக்கியாம்,
அவரே சொன்னார், நான் கேட்காமல்.

கறுப்பின்மேல் எல்லாம் தெரியும்.
மெட்ரோவுக்குத் தோண்டிய மண் செம்மஞ்சள்.
கலவை லாரி சிந்தியது சாம்பல்.
டயர் தேய்ந்த பொடி மட்டும் கண்ணுக்குத் தெரியாது,
விரலுக்குத் தெரியும்.
ரோட்டை அகலப்படுத்த
எங்கள் வரிசையில் இடித்த நாலு வீட்டுச் சுவரும்
இதில் ஏதோ ஒரு நிறமாக இருக்கும்.
எதுவானாலும் மாதம் முந்நூற்றைம்பதுதான்.

காய்ந்த துணியால் துடைத்தேன்.
இந்தப் பக்கம் போனது அந்தப் பக்கம் வந்தது.
அழுத்தித் துடைத்தேன்.
பானெட் முழுக்கப் பொடி
பூனைமுடி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றது.
முழங்கையைக் கிட்டே கொண்டுபோனால்
என் மயிரும் நிமிர்ந்தது, மரியாதைக்கு.

ஞாயிற்றுக்கிழமை சாரே இறங்கி வந்தார்,
கவர் பிரிக்காத ரோஸ் துணியோடு.
கால் மணி நேரம் தேய்த்தார்.
பனியன் நனைந்தது.
கதவுப் பிடியைத் தொட்டதும்
சுளீரென்று கையை உதறினார்.
"என்ன அமலோ, ஷாக் அடிக்குது!"
போட்ட பவுடர் பத்து நிமிஷத்தில் கரைகிற ஊரில்
கார் மட்டும் எங்கிருந்தோ
காய்ந்துபோயிருந்தது.

"தேய்க்காதீங்க சார்.
தேய்க்கத் தேய்க்க அதுக்குக் கரண்டு ஏறுது.
தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்குது."
"அப்ப என்னதான் பண்றது?"
"ஈரம் வேணும்."
நோட்டீஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

போர் தண்ணீர் உதவாது.
காய்ந்தால் கறுப்பில் வட்டம் வட்டமாக உப்பு,
தேமல் மாதிரி.
தூசியே தேவலை என்று ஆகிவிடும்.

பி பிளாக் பின்சுவரில்
ஏ.சி. குழாய்கள் வரிசையாக ஒழுகும்.
கீழே சுவர் ஓரம் முழுக்கப் பாசி.
பெயிண்ட் வாளி ஒன்றை வைத்துவிட்டுப் போனேன்.
விடியற்காலை முக்கால் வாளி.

நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
உப்பு இல்லை. ருசியே இல்லை.
109-ல் பகலெல்லாம் தூங்கும் நைட்ஷிப்ட் பெண்கள் மூன்று பேர்,
309-ல் பிறந்து இருபது நாளான குழந்தை,
409-ல் பேச்சுவார்த்தை நின்றுபோய்
தனித்தனி அறை, தனித்தனி ஏ.சி.
எல்லோருடைய மூச்சும் வேர்வையும்
குளிர்ந்து, சொட்டி,
என் வாளிக்குள் ஒரே தண்ணீராகக் கிடந்தது.

நனைத்துப் பிழிந்த துணியை
கூரையிலிருந்து கீழே, ஒரே திசையில்,
காய்ச்சல்காரன் நெற்றியில் போடுகிற மாதிரி
போட்டு, இழுத்து, மடித்து, மறுபக்கம்.
வட்டமாகச் சுற்றுவதில்லை.
இரண்டாவது துணியிலும் ஒரு சொட்டு ஈரம்.
பிறகு கையை எடுத்துவிட வேண்டும்.
பளபளப்பைப் பார்த்து ஆசைப்பட்டு
இன்னொரு முறை தேய்த்தால் தீர்ந்தது,
மறுபடி முதலிலிருந்து.

அன்றைக்கு பானெட்டில்
ட்யூப்லைட் கோணாமல் நேராகத் தெரிந்தது.
இரண்டாம் நாளும் தெரிந்தது.

பத்மநாபன் சார் நடைப்பயிற்சிக்கு இறங்கியவர்
வாளியைப் பார்த்து நின்றுவிட்டார்.
"எந்தத் தண்ணி இது?"
"உங்க வீட்டுத் தண்ணியும் இருக்கு சார்.
ராத்திரி நீங்க விட்டது."
முகம் போன போக்கைப் பார்த்து
ஏ.சி. என்று சேர்த்துச் சொன்னேன்,
கொஞ்சம் தாமதமாகத்தான்.

மறுநாள் நாலரைக்கு
அவர் வீட்டுக் குழாய்க்குக் கீழே
ஒரு புது வாளி இருந்தது, நீலம்.
பிடியில் சங்கிலி கோத்து
ஜன்னல் கம்பியோடு பூட்டியிருந்தது.